கோழிக்குப் பதினாறு மணி நேரம்

எங்கள் மலையிலுள்ள சோளக்காட்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியில் வேலை செய்கிற சித்தப்பா மகன் ஊருக்கு வந்திருந்தான். திருச்செங்கோட்டு வண்டி. எட்டு மாதமாக வடக்கே போர் போட்டுவிட்டு வந்திருக்கிறான். கடையில் கிடந்த பேப்பரில் வேலை நேரம் பற்றி ஒரு கட்டுரை. வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிற வரம்பெல்லாம் பழைய காலத்துச் சங்கதி, அது தொழிலாளியின் வருமானத்தைத்தான் வெட்டுகிறது, அவனை அவன் இஷ்டத்துக்கு உழைக்க விட்டால் நாலு காசு கூடப் பார்ப்பான் என்று எழுதியிருந்தது. சத்தமாகப் படித்துக் காட்டினேன். தம்பி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "சரியாத்தானேண்ணா எழுதியிருக்கான். எட்டு மணி நேரத்தோட வண்டிய நிறுத்தினா எனக்கு எவன் சம்பளம் தருவான்?"

எனக்கு அப்போது வாய் வரவில்லை. பட்டணத்துக்காரன் சொன்னால் மறுத்துவிடலாம். ராத்திரி பகல் பாராமல் தூசியைத் தின்றுவிட்டு வந்தவனே சொல்லும்போது என்ன செய்வது? வீட்டுக்குப் போய் யோசித்தேன். யோசிக்க யோசிக்க, பேப்பர்காரரும் தப்பு, என் தம்பியும் தப்பு என்றுதான் பட்டது. ஆனால் இரண்டு தப்பும் ஒரே தப்பு இல்லை.

முதலில் ஒரு கூட்டத்தை ஒதுக்கி வைத்துவிடுகிறேன். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் அதை 90 ஆக்கி, ஞாயிற்றுக்கிழமையையும் கேட்டார். நாடே சிரித்துவிட்டது. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் கேட்பது நாட்டுக்காக. கூலிக்காரனுக்காகப் பேசுவதாக அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. நான் மறுக்க வந்தது இன்னொரு குரலை. அது மென்மையான குரல், ஏழைமேல் கரிசனம் உள்ள குரல். "உழைக்கிறவன் கையைக் கட்டாதீர்கள், கட்டினால் அவன் வயிற்றில்தான் அடி விழும்" என்கிற குரல். பொருளாதாரம் படித்தவர்கள், பண்ணைக்காரர்கள், மேஸ்திரிகள், சட்டசபையில் பேசுகிறவர்கள் எல்லாரும் இதை ஏறத்தாழ ஒரே ராகத்தில் பாடுகிறார்கள். கேட்கக் கேட்க இதுதான் நடப்பு அறிவு என்று ஆகிவிட்டது.

அவர்கள் கணக்கு மூன்றாம் வகுப்புப் பெருக்கல். ஒரு மணி நேரக் கூலி இவ்வளவு, வேலை செய்த மணி இவ்வளவு, இரண்டையும் பெருக்கு. மணியைக் குறைத்தால் விடையும் குறையும். இதில் எங்கே தப்பு இருக்க முடியும்?

மணி நேரக் கூலி என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அது அசையாமல் நிற்கிறது என்று எடுத்துக்கொண்டதில்தான். எங்கள் மலையில் அப்படி ஒன்றை நான் கண்ணால் பார்த்ததில்லை.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வாருங்கள். பதினான்கு நாடு. மக்கள் பெரும்பாலும் மலையாளிகள். கேரளத்து மலையாளிகள் இல்லை, மலையை ஆள்கிற மலையாளிகள் என்று எங்கள் தாத்தா சொல்வார். மிளகு, காப்பி, மரவள்ளி, வாழை, அன்னாசி, பலா. மிச்சம் கிடக்கிற மேட்டில் சாமையும் கேழ்வரகும். இங்கே வேலை நேரத்துக்கு வரம்பு போட்ட சட்டம் எதுவும் எங்கள் வாசல்வரை வந்ததில்லை. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் வந்தது. 1981இல் திருத்தி வாரம் 54 மணி நேரத்தை 48 ஆக்கினார்கள். ஆனால் அது பிடிக்க வேண்டுமானால் தோட்டம் 5 ஹெக்டேரும் ஆள் 15 பேரும் இருக்க வேண்டியிருந்தது. இங்கே ஒவ்வொருத்தரிடமும் ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம், தொழிற்சாலைச் சட்டம் எல்லாம் புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டன. அதிலும் நாளுக்கு 8, வாரத்துக்கு 48 என்ற எண்கள் இருக்கின்றன. எங்கள் ஒன்றரை ஏக்கரை அதுவும் எட்டிப் பார்க்காது. மலையை விட்டுக் கீழே இறங்குகிறவர்கள் போகிற இடங்களும் அப்படித்தான்: ரிக் வண்டி, கோழிப் பண்ணை, குடகு, வயநாட்டுத் தோட்டங்களில் சீசன் காப்பிப் பறிப்பு. சட்டம் இருக்கிற இடத்தில்கூட மேஸ்திரி வழியாகப் போகிறவன் பெயர் ரிஜிஸ்டரில் இருக்காது.

ஆக, வரம்பு போட்டால் கூலி குறையும் என்பது உண்மையானால், வரம்பே இல்லாத எங்களிடம் கூலி கொழித்திருக்க வேண்டும். எவன் கையையும் எவனும் கட்டவில்லையே. விடியலுக்கு முன் எழுந்து நிலா வெளிச்சத்தில் படுக்கிற ஊரில் பணம் காய்த்துத் தொங்கியிருக்க வேண்டுமே. அப்படியிருந்தால் என் தம்பி ஏன் எட்டு மாதம் வண்டியில் தூங்குகிறான்?

கோழிப் பண்ணையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். என் அத்தை மகளும் அவள் வீட்டுக்காரரும் கீழே ஒரு முட்டைப் பண்ணையில் இருக்கிறார்கள். எந்தப் பண்ணை என்பது இங்கே வேண்டாம். எல்லாப் பண்ணையும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே ஆளை எடுப்பதே ஜோடியாக. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து வர வேண்டும், பண்ணைக்குள்ளேயே ஒரு அறை கொடுப்பார்கள், மாதச் சம்பளமும் ஜோடிக்குத்தான். தீவனம் போடுவது, தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது, முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குவது, செத்த கோழியை எடுத்துப் போடுவது, ராத்திரி நாய் புகுந்தால் எழுந்து விரட்டுவது.

முட்டைக் கோழிக்கு வெளிச்சம் ஒரு கணக்கு. பகல் வெளிச்சத்தோடு பல்பு வெளிச்சத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 16 மணி நேரம் கொடுப்பார்கள். குறைந்தால் முட்டை குறையும். அதற்காக 24 மணி நேரமும் பல்பை எரியவிடுவதும் இல்லை. கோழிக்கு இருட்டும் ஓய்வும் வேண்டும் என்று பண்ணைக்காரருக்குத் தெரியும். அத்தை மகள்தான் சுவிட்சை அணைக்கிறவள். ஒரு தடவை போனபோது, விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீர் டேங்க் பக்கம் போனாள். "கோழிக்கு டூட்டி முடிஞ்சுது மாமா, எனக்கு இன்னும் முடியல" என்று சிரித்தாள். பண்ணையிலேயே வேலை நேரத்துக்கு வரம்பு உள்ள ஒரே ஜீவன் கோழி.

கணக்குக்கு வசதியாக ஒரு தொகை வைத்துக்கொள்வோம். ஜோடிக்கு மாதம் 20,000 ரூபாய். ஆளுக்கு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், முப்பது நாள் என்றால் இரண்டு பேருக்கும் சேர்த்து 720 மணி நேரம். மணிக்கு 28 ரூபாய்கூட இல்லை. இப்போது பண்ணையில் இன்னொரு ஷெட் கட்டுகிறார்கள், அதையும் இவர்களே பார்க்க வேண்டும், நாளுக்குப் பதினான்கு மணி நேரம் ஆகிறது. சம்பளம்? அதே 20,000. தீபாவளிக்கு ஒரு புடவை கூட வரலாம். அந்த இரண்டு மணி நேரம் என்ன விலைக்குப் போயிற்று? பூஜ்யத்துக்கு. வரம்பு இல்லாத இடத்தில் நடப்பது இதுதான். அங்கே மணி விற்பதில்லை. ஆளைத்தான் மாதக் கணக்கில் வாங்குகிறார்கள். ஆளை வாங்கியவனுக்கு இன்னொரு மணி நேரம் இலவசம். இலவசமாகக் கிடைக்கிறதை யாராவது அளந்து செலவழிப்பார்களா?

வரம்பு வந்தால் என்ன ஆகும் என்பதை இப்போது பாருங்கள். எட்டு மணிக்கு மேல் போனால் தனிக் காசு என்று ஒரு கோடு கிழித்தால், ஒன்பதாவது மணிக்கு முதல்முறையாக ஒரு விலை வருகிறது. அதற்கு விலை வந்தால் முதல் எட்டுக்கும் விலை வருகிறது, ஏனென்றால் ஒன்பதாவதின் விலையைச் சொல்ல முதல் எட்டின் விலை தெரிந்தாக வேண்டும். பெருக்கல் கணக்குப் போடுகிறவர்கள் எந்த எண்ணை வைத்துப் பெருக்குகிறார்களோ, அந்த எண்ணைப் பிறக்க வைப்பதே வரம்புதான்.

இதற்கு அவர்களிடம் ஒரு பதில் உண்டு. "மாதச் சம்பளத்துக்கு நீ சொல்வது சரி. கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவனுக்கு? காப்பி பறிக்கிறவன் எவ்வளவு நேரம் பறிக்கிறானோ அவ்வளவு காசு. அவனை நாலு மணிக்கு நிறுத்தினால் நட்டம் யாருக்கு?"

நல்ல கேள்வி, அதனால் விரிவாகவே சொல்கிறேன். கார்த்திகை மாதம் பிறந்தால் எங்கள் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் பழம் பறிக்கப் போவார்கள். மேஸ்திரி முன்பணம் கொடுத்திருப்பார். போய் இறங்கியதும் கிலோவுக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். அந்த 'இவ்வளவு' எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து விழுவதில்லை. ஒரு குடும்பம் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பறித்தால் எத்தனை கிலோ வரும், அதற்கு எவ்வளவு கொடுத்தால் சாப்பிட்டுவிட்டு மறுநாளும் வருவார்கள் என்று பார்த்துத்தான் விகிதம் வைக்கிறார்கள். குழந்தைகளும் கூடைக்குக் கை போடுவார்கள் என்பதும் அந்தக் கணக்குக்குள்ளேயே அடக்கம். காய்ப்பு நன்றாக இருந்து ஆட்கள் அதிகம் பறித்துவிட்டால் அடுத்த வாரம் கிலோவுக்கு எட்டணா, ஒரு ரூபாய் இறங்கும். நீ எத்தனை நேரம் பறிக்கத் தயாரோ, அதற்குத் தக்கபடி விகிதம் கீழே நழுவும். கூடுதல் நேரம் பறித்துக் கூடுதலாகச் சம்பாதிப்பது முதல் வாரத்தில் நடக்கும், அதுவும் ஒரு குடும்பம் மட்டும் செய்தால். எல்லாக் குடும்பமும் செய்தால் அதுதான் அடுத்த வருடத்து வாடிக்கை.

இந்தக் கணக்கை அப்படியே திருப்பிப் போட்ட ஒரு சட்டம் நம் நாட்டிலேயே வந்தது. நூறு நாள் வேலைச் சட்டம், 2005. அதிலும் அளவுக் கூலி இருந்தது: இவ்வளவு கன மீட்டர் மண் வெட்டினால் இவ்வளவு. ஆனால் அதன் முதல் அட்டவணையில் ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஒரு சாதாரண ஆள் ஏழு மணி நேரம் வேலை செய்தால் முழு நாள் கூலி கிடைக்கிற மாதிரி அளவு விகிதத்தை வைக்க வேண்டும் என்று. பின்னால் மணிக் கணக்கை மாற்றினார்கள். அது வேறு விஷயம். மேஸ்திரி கூலியிலிருந்து தொடங்கி நேரத்தை நீட்டுகிறார். அந்தச் சட்டம் நேரத்திலிருந்து தொடங்கி விகிதத்தை நிர்ணயித்தது. நடைமுறையில் எத்தனையோ ஓட்டை இருந்தது. பாறை விழுந்த சரிவில் குழி வெட்டினால் அளக்க வருகிறவருக்குப் பாறை கண்ணில் படாது, கூலி குறையும், வங்கியில் பணம் வர மாதக் கணக்கில் ஆகும். நானே மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் தமிழ்நாட்டில் தொடக்கத்தில் 80 ரூபாயாக இருந்த அந்தக் கூலி விகிதம் 2025–26இல் 336 ரூபாய் ஆனது. தனியார் வயலில் கூலி கேட்கிறவனுக்கு, "அங்கே போனால் இவ்வளவு" என்று சொல்ல ஒரு எண் கிடைத்தது.

அதன் பிறகு என்ன நடந்தது என்று கீழே சேந்தமங்கலம் பக்கம் எந்த விவசாயியிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஒரே மூச்சில் இரண்டு புகார் சொல்வார். "ஒன்பது மணிக்கு வர்றாங்க, ரெண்டு மணிக்குப் போயிடறாங்க. கூலி மட்டும் வருஷா வருஷம் ஏறுது." இருபது வருடமாக நான் இதைக் கேட்கிறேன். சொல்கிறவர் கோபத்தில் சொல்கிறார். தாம் சொல்வது ஒரு பெரிய தத்துவத்தையே போட்டு உடைக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. நேரம் குறைந்தால் கூலி குறைய வேண்டும் அல்லவா? நேரமும் குறைந்தது, கூலியும் ஏறியது என்று எதிர்க்கட்சிக்காரரே சாட்சி சொல்கிறார். இதைவிட நல்ல சாட்சி எனக்கு எங்கே கிடைக்கும்?

"அது ஆள் பற்றாக்குறையால் வந்தது, நேரக் குறைப்பால் வந்ததில்லை" என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், பாதிக்கு மேல் அப்படித்தான். பையன்கள் கம்பெனிக்குப் போய்விட்டார்கள், பெண்கள் படிக்கிறார்கள். ஆனால் ஆள் பற்றாக்குறை என்றால் என்ன? விற்பனைக்கு வருகிற உழைப்பு மணி குறைவது. மிளகு வரத்துக் குறைந்தால் சோளக்காட்டுச் சந்தையில் விலை ஏறும் என்று தெரிந்த வியாபாரிக்கு, உழைப்பு வரத்துக் குறைந்தால் கூலி ஏறும் என்பது மட்டும் ஏன் புரிய மாட்டேன் என்கிறது? பன்னிரண்டு மணி நேரம் ஒரு ஆள் செய்கிற வேலையை எட்டு மணி நேரமாக வெட்டினால் மிச்ச நாலு மணிக்கு இன்னொரு ஆளைத் தேட வேண்டும். தேடுகிறவன் பேரம் பேசும் தொனியே வேறு.

பழைய கதை கொஞ்சம். 1837இல் இங்கிலாந்தில் நாசோ சீனியர் என்ற பொருளாதாரப் பேராசிரியர் ஒரு கணக்குப் போட்டார். பஞ்சாலை நாளுக்குப் பதினொன்றரை மணி நேரம் ஓடுகிறது. அதில் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் முதலாளியின் நிகர லாபம் முழுவதும் விளைகிறது. அந்த ஒரு மணியை வெட்டினால் லாபம் போச்சு, ஆலை போச்சு. 1847இல் பத்து மணி நேரச் சட்டம் வந்தது. லங்காஷயர் ஆலைகள் மூடிக்கொண்டு போகவில்லை. அதற்குப் பிறகும் அவை உலகத்துக்கே துணி விற்றன. நம் ஊரில் பம்பாய் ஆலைகளுக்கு 1905 வாக்கில் மின்விளக்கு வந்ததும், சூரியன் மறைந்தாலும் தறி ஓடலாம் என்று வேலை நாளை நீட்டினார்கள். கேட்டால், இந்தியத் தொழிலாளி வேலைக்கு நடுவே வெளியே சுற்றுகிறவன், நீண்ட நேரம் அவனுக்குப் பாரமாகாது என்றார்கள். கோழிப் பண்ணை பல்புக்கு முன்னோடி அது!

1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையிலேயே வாரம் 48 மணி நேரம் என்றது. ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் தனி விலக்கு: 60. அது 1922 சட்டத்தில் நுழைந்தது. 1934இல் 54. வைஸ்ராய் கவுன்சிலில் அம்பேத்கர் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, 1946 திருத்தத்தில்தான் 48. உலகம் ஒப்புக்கொண்ட எண்ணைத் தொட நமக்கு இருபத்தேழு வருடம். ஒவ்வொரு படியிலும் தொழில் அழியும், கூலி விழும் என்ற அதே பாட்டு. அந்தப் பாட்டு ஒரு வரிகூட மாறாமல் இப்போது டீக்கடைப் பேப்பரில் வந்திருக்கிறது.

கூலிக்காரன் நலனுக்காகவே வரம்பைத் தளர்த்துகிறோம் என்று சொல்கிறவர்களின் கையில் அதிகாரம் கிடைத்தபோது என்ன செய்தார்கள்? 2020 ஏப்ரல் 17, கொரோனா ஊரடங்கு. குஜராத் அரசு ஒரு அறிவிக்கை போட்டது: தொழிற்சாலையில் நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு 72 மணி நேரம் வேலை வாங்கலாம். கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்ற விதி கிடையாது. ஒற்றைக் கூலி போதும். புரிவதற்கு உதாரணமும் அதிலேயே கொடுத்திருந்தார்கள்: எட்டு மணிக்கு 80 ரூபாய் என்றால் பன்னிரண்டு மணிக்கு 120.

பேனாவை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். ஆறு நாளைக்கு 120 வீதம் 720 ரூபாய். அதே 72 மணி நேரத்தைப் பழைய சட்டப்படி எழுதினால், முதல் 48 மணிக்கு 480, மேற்கொண்டு 24 மணிக்கு இரட்டிப்பாக இன்னொரு 480, மொத்தம் 960. வரம்பைத் தூக்கியதும் தொழிலாளி பையிலிருந்து வாரத்துக்கு 240 ரூபாய் போயிற்று, அதே உழைப்புக்கு. வரம்பு கூலியைத் தின்கிறது என்றார்களே, தின்றது எது? அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்து, சேர வேண்டிய இரட்டைக் கூலியைக் கொடுக்கச் சொன்னது.

நம் மாநிலத்தையும் விட்டுவிட முடியாது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டசபையில் 12 மணி நேர மசோதா நிறைவேறியது. வாரத்துக்கு 48 என்பது மாறாது, நாலு நாள் உழைத்துவிட்டு மூன்று நாள் வீட்டில் இருக்கலாம், விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்றார்கள். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே முதல் நாள் முதலமைச்சர் ஸ்டாலின் திரும்பப் பெற்றதாக அறிவித்தார். சரி, அது போகட்டும். மொத்த மணி மாறாவிட்டாலும் கூலி மாறும் என்பதைத்தான் அப்போது அதிகம் பேர் கவனிக்கவில்லை. அன்று நடப்பிலிருந்த தொழிற்சாலைச் சட்டப்படி நாளுக்கு 9 மணியைத் தாண்டினாலே இரட்டைக் கூலி. பன்னிரண்டு மணி நேரத்தைச் சாதாரண நாள் ஆக்கிவிட்டால் பத்தாவது, பதினொன்றாவது, பன்னிரண்டாவது மணிகளின் இரட்டிப்பு காணாமல் போகிறது. மூன்று நாள் லீவு என்பது அந்தக் காசின் பெயர்.

என் கட்சியில் பலவீனமான இடம் ஒன்று இருக்கிறது. அதை மறைத்தால் தம்பியிடம் பேச முடியாது. வரம்பை மட்டும் போட்டுவிட்டு, அடிப்படைக் கூலியைத் தொடாமல் விட்டால் சில பேருக்கு நிஜமாகவே அடி விழும். தென் கொரியாவில் 2018இல் வாரம் 68 மணி நேர உச்சவரம்பை 52 ஆக்கினார்கள். அடிப்படைச் சம்பளம் குறைவாகவும் ஓவர்டைம் அதிகமாகவும் வைத்திருந்த கம்பெனிகளில் வேலை செய்தவர்களுக்குக் கையில் வருவது குறைந்தது. பிரான்ஸில் 35 மணி நேரத்துக்கு மாறியபோது, பழைய 39 மணிக்கு வாங்கியதைவிட மாதச் சம்பளம் குறையக் கூடாது என்று குறைந்தபட்சக் கூலிக்காரர்களுக்கு உத்தரவாதம் வைத்தார்கள். ஆக, நேரத்துக்குக் கூரை போடுகிறவன் கூலிக்குத் தரையும் போட வேண்டும். தரை போடாமல் கூரை போட்ட இடங்களைக் காட்டி, கூரையே வேண்டாம் என்கிறார்கள் எதிர்வாதிகள். மழையில் நனைந்தவன் எங்கே போய் நிற்பான் என்று அவர்கள் சொல்வதில்லை.

தம்பியின் தப்புக்கு வருகிறேன். அவன் கேட்டது மணி நேரம் இல்லை, காசு. எட்டு மணி நேரத்தில் இப்போது வாங்குகிற சம்பளம் வந்தால் வேண்டாம் என்பானா என்று அவனையே கேட்டேன். "அப்படி எவன் குடுப்பான்?" என்றான். கொடுக்க மாட்டான்தான், நீ பதினாறு மணி நேரத்துக்கு அந்தச் சம்பளத்தில் வரத் தயாராக இருக்கும்வரை. அவன் தயாராக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. போன வருடம் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் இன்னும் கழியவில்லை. முன்பணம் வாங்கினவன் நேரத்தைப் பேரம் பேச முடியாது. அவன் நேரம் ஏற்கெனவே வேறொருத்தன் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. 'அவன் இஷ்டத்துக்கு உழைக்க விடுங்கள்' என்று எழுதுகிறவர் அந்த நோட்டைப் பார்த்திருக்க மாட்டார். போன மாதம் எத்தனை மணி நேரம் வேலை செய்தாய் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "பதினேழு போர் போட்டோம்" என்றான்.

இவ்வளவு பேசுகிற நான் யார் என்று கேட்பீர்கள். நானும் கூலி கொடுக்கிறவன்தான். ஒன்றரை ஏக்கரில் சில்வர் ஓக்கில் மிளகு ஏற்றியிருக்கிறேன், அடியில் காப்பி. இது எனக்கு நட்டம் வருகிற வாதம் என்று முன்பெல்லாம் நினைத்ததுண்டு. நாலைந்து வருடத்துக்கு முன்னால், தை மாதம், விலை நன்றாக இருந்தது. சீக்கிரம் பறித்து முடிக்க வேண்டும் என்ற ஆசையில் நாள் கூலியை விட்டுவிட்டுக் கிலோக் கணக்கு வைத்தேன். ஆட்கள் இருட்டும்வரை பறித்தார்கள். எனக்குக் கொண்டாட்டம். மறுநாள் களத்தில் உலரப் போட்டபோதுதான் தெரிந்தது. மூன்று மணிக்கு முன் பறித்த சரங்கள் முதிர்ந்து, ஒன்றிரண்டு காய் சிவந்து இருந்தன. பிற்பகல் சாக்கில் பச்சைப் பிஞ்சும் இலையும் ஒடிந்த கொடியும் பாதி. காய்ந்தபின் பிஞ்சு சுருங்கி வெறும் தோலாகிவிடும், எடை நிற்காது. ஒடிந்த கொடி அடுத்த வருடம் காய்க்காது. சாயங்காலம் மூட்டம் இறங்கி மரம் ஈரமானதும் ஒருத்தர் ஏணியோடு சறுக்கினார். நல்லவேளை, தாழ்ந்த கிளை தாங்கியது. ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு கால் வைத்து முப்பது அடி ஏறுகிறவனுக்குப் பத்தாவது மணி நேரத்தில் கால் நடுங்கும் என்று எனக்கு யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டுமா? தப்பு முழுக்க என்னுடையது. சீனியர் பேராசிரியர் லாபத்தைத் தேடிய அந்தக் கடைசி மணி நேரத்தில் எனக்குக் கிடைத்தது பிஞ்சும் பயமும்.

அடுத்த வருடமே நாள் கூலிக்குத் திரும்பிவிட்டேன். இந்தத் தையில் பறிப்புக்கு வந்த பெண்களில் பெரியவர் ஒருவர், எனக்கு அக்கா முறை, மரத்தடியில் கூடையை வைத்துவிட்டு முதல் நாளே பேசினார். "தம்பி, மூணு மணிக்கு ஏணிய இறக்கிடுவோம். புள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வந்துடும், மாட்டுக்குத் தண்ணி காட்டணும். கூலி அம்பது ரூவா ஏத்திக் குடு."

நேரத்தையும் குறைத்துக் கூலியையும் ஏற்றுவதா என்று எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது. இருபதுக்குப் பேசிப் பார்த்தேன். அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்தார். நாற்பதில் முடிந்தது. அன்றைக்கு மூன்று மணிக்கு நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.